மாஸ்டர் காலடியில் இன்னொரு கிளட்ச்: வேலூர் டிரைவிங் ஸ்கூல் கார் கோர்ஸ் எப்படி?

சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி, பாகாயம் என்று வேலூரில் எந்தப் பக்கம் போனாலும் டிரைவிங் ஸ்கூல் போர்டு கண்ணில் படும். பெயர்தான் வேறு, சரக்கு ஏறக்குறைய ஒன்றே. மூன்று வாரம், தினம் அரை மணி நேரம், மாருதி சின்ன கார், எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) முதல் லைசென்ஸ் வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பயம் தெளிய, ஸ்டேரிங் பழக, டெஸ்ட்டில் தேற இந்தக் கோர்ஸ் போதும். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் வீட்டு கியர் காரைத் தனியாக எடுத்து காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏற்ற இது போதாது. இந்தக் கோர்ஸில் கடைசி வரை கைக்கு வராமல் போவது ஒன்றே ஒன்று, கிளட்ச். போதாமைக்கும் அதுதான் காரணம்.

பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காரும் இடப்பக்கத்திலும் கிளட்ச், பிரேக் இருக்கும். டிரைவிங் ஸ்கூல் காரில் இந்த இரட்டைக் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. பாதுகாப்புக்கு அது வேண்டும், அதில் சந்தேகமில்லை. தவறு அதைப் பயன்படுத்தும் விதத்தில். ஐந்து பேரை அடுத்தடுத்து ஏற்றி இறக்கும் மாஸ்டருக்கு, ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி ஆஃப் ஆகி பின்னால் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடிப்பதை விட, தன் காலால் கிளட்சை அமுக்கி நகர்த்திவிடுவது சுலபம். கற்றுக்கொள்பவருக்கோ தானே ஓட்டுவது போலத் தோன்றும். உண்மையில் அவர் ஸ்டேரிங் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இரண்டு பக்கத்து பெடலும் கம்பியாலோ கேபிளாலோ இணைந்தவை. மாஸ்டர் மிதித்தால் உங்கள் பக்கத்து பெடலும் கூடவே கீழே இறங்கும். உங்கள் கால் கிளட்ச் மேல் இருக்கும்போது, நீங்கள் அழுத்தாமலே பெடல் நழுவி இறங்கினாலோ, எதிர்த்துத் தள்ளும் கனம் திடீரென்று காணாமல் போனாலோ, ஓட்டுவது மாஸ்டர். முதல் மூன்று நான்கு நாள் அப்படி இருந்தால் குறை சொல்ல முடியாது. இரண்டாவது வாரத்திலும் தொடர்ந்தால் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: "சார், இன்னிக்கு கிளட்ச் பக்கம் நீங்க வராதீங்க. ஆஃப் ஆனா ஆவட்டும்." நல்ல மாஸ்டர் சிரித்துக்கொண்டே காலை மடக்கிக்கொள்வார், பிரேக்குக்கு மட்டும் தயாராக இருப்பார். "உனக்கு இன்னாத்துக்கும்மா அவ்ளோ அவசரம்" என்று பேச்சை மாற்றினால் வேறு மாஸ்டர் கேட்கலாம். ஸ்கூலை விட மாஸ்டர்தான் முக்கியம். ஒரே ஸ்கூலில் ஒருவர் அருமையாகச் சொல்லிக்கொடுப்பார், இன்னொருவர் முழு வகுப்பும் போனில் பேசிக்கொண்டு வருவார். பணம் கட்டும் முன்பே "கடைசி வரை ஒரே மாஸ்டர்தானே?" என்று கேட்டு வைப்பது நல்லது.

அடுத்தது நேரக்கணக்கு. சொந்தக் கார் ஓட்டுபவருக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது, வண்டியை நேரடியாக ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 31-ஆவது விதியில் சொல்கின்றன. அரை மணி வீதம் 21 நாள் என்றால் பத்தரை மணி, தாளில் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் அந்த அரை மணியில் உங்களை ஏற்றுவது, முன்னால் ஓட்டியவரை இறக்குவது, பங்க்கில் பெட்ரோல் போடுவது எல்லாம் அடக்கம். ஸ்டேரிங் கையில் இருப்பது இருபது நிமிடம் என்றால், 21 நாளில் ஏழு மணி நேரம்தான் தேறும். தவிர, வண்டி போகும் பாதையைத் தீர்மானிப்பது பாடத்திட்டம் கிடையாது, அடுத்து ஏறப்போகிறவரின் வீட்டு முகவரி. அடுத்தவர் காந்தி நகர்க்காரர் என்றால் தினமும் பாலாறு பாலத்தில் நேராக ஓட்டியே கோர்ஸ் முடிந்துவிடும். ரிவர்ஸ் இல்லை, மேடு இல்லை. யார் எத்தனை நேரம் ஓட்டினார் என்பதற்குப் படிவம் 15 என்ற பதிவேட்டை ஸ்கூல் வைத்திருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் பக்கத்தை எடுத்துக் காட்டும் ஸ்கூலை நம்பிச் சேரலாம்.

சில இடங்களில் நாள் கணக்குக்குப் பதில் கிலோமீட்டர் கணக்கு, தினம் ஐந்து கிலோமீட்டர் என்பார்கள். நெடுஞ்சாலையில் அது ஏழெட்டு நிமிட வேலை. கிளட்ச் பழகாத ஆளுக்கு கிலோமீட்டரால் பயனில்லை. எத்தனை தடவை நின்று கிளம்பினோம் என்பதுதான் கணக்கு. ஒரு நெரிசலான தெருவில் ஒரு கிலோமீட்டருக்குள் இருபது தடவை நின்று கிளம்பலாம். தேசிய நெடுஞ்சாலை 48-இல் பள்ளிகொண்டா வரை போனாலும் நாலைந்து தடவைக்கு மேல் வராது.

முதல் வகுப்பில் என்ன நடக்க வேண்டும்? உட்காரும் விதம் முதலில். கிளட்சை அடிவரை மிதித்த நிலையில் இடது முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும்படி சீட்டை நகர்த்த வேண்டும். காலை முழுக்க நீட்டினால்தான் எட்டுகிறது என்றால், விடும்போது கட்டுப்பாடு கிடைக்காது. முதுகை சீட்டில் சாய்த்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டேரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பின்னால் குதிகால் தளரும் ரப்பர் செருப்பு வேண்டாம், பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஷூ அல்லது பட்டை வைத்த சாண்டல்ஸ் போதும். பயிற்சி வண்டியில் சீட்டை முன்னவர் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு ஓட்டத் தொடங்குவது சர்வசாதாரணம். கூச்சப்படாமல் தினமும் சரிசெய்துகொள்ளுங்கள். கண்ணாடியும் அப்படித்தான்.

அதன் பிறகு சமதளத்தில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் வைத்து வண்டியை நகர்த்தும் பயிற்சி. பெரும்பாலான ஸ்கூல்கள் தாண்டிப்போவதும் இதைத்தான், கோர்ஸின் உயிரும் இதுதான். கிளட்சை முழுக்க மிதித்து முதல் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை நெல்மணி அளவாக மேலே விட வேண்டும். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனக்கும், இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் சற்றே இறங்கும், பானெட் மெல்ல நிமிரப் பார்க்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கே காலை அசைக்காமல் நிறுத்தினால் வண்டி தானாக ஊர்ந்து கிளம்பும். ஒரு கார் நீளம் நகர்ந்த பிறகே மீதியை விட வேண்டும். மறுபடி மிதித்து, நிறுத்தி, மறுபடி. அரை மணி நேரம் முழுக்க இதையே செய்தாலும் வீண் இல்லை.

வண்டி ஆஃப் ஆவது ஏன் என்பதும் இதிலேயே அடங்கும். சும்மா நிற்கும் பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. கிளட்சை ஒரே மூச்சில் விட்டால் இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலும், சக்கரத்தோடு சேர்ந்து நிற்கும் கிளட்ச் பிளேட்டும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றத் தொடங்க அவகாசம் இல்லை, ஆகவே இன்ஜின் அடங்கிவிடும். ஹாஃப் கிளட்ச்சில் பிளேட் கொஞ்சம் வழுக்கியபடியே சக்தியைக் கடத்துகிறது, வேக வித்தியாசம் சிறிது சிறிதாகச் சரியாகிறது. ஆஃப் ஆகாமல் குலுங்கிக் குதித்துக் கிளம்பினால், ஹாஃப் கிளட்ச் வரை சரியாக வந்து அதற்குப் பிறகு அவசரப்பட்டிருக்கிறீர்கள். இன்ஜின் கத்தியும் வண்டி நகரவில்லை, தீய்ந்த வாடை வருகிறது என்றால், ஆக்ஸிலேட்டரை அதிகம் கொடுத்து கிளட்சைப் பாதியிலேயே பிடித்திருக்கிறீர்கள், பிளேட் தேய்கிறது. இந்த மூன்று குறையையும் தனித்தனியாகப் பெயர் சொல்லித் திருத்துகிற மாஸ்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். "மெதுவா விடு, மெதுவா விடு" என்பது மட்டுமே பாடம் என்றால் எங்கே மெதுவாக என்பது கடைசி வரை புரியாது.

வேலூர் வெயிலுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஏசி கம்ப்ரெசர் ஓடும்போது இன்ஜினின் சக்தியில் ஒரு பகுதி அங்கே போகும். சின்ன இன்ஜினில் அது நன்றாகவே தெரியும், ஆக்ஸிலேட்டர் இல்லாமல் கிளம்பிய வண்டி ஏசியோடு முரண்டு பிடிக்கும். செலவை மிச்சம் பிடிக்கப் பல பயிற்சி வண்டிகளில் ஏசி போடுவதில்லை. மே மாதம் வீட்டுக் காரில் யாரும் ஏசி இல்லாமல் போகப்போவதில்லை என்பதால், கடைசி வாரத்திலாவது ஏசி போட்டு ஓட்டிப் பழக வேண்டும்.

கியர் மாற்றுவது சொல்கிற அளவுக்குச் சிரமம் இல்லை. முதல் கியர் கிளம்ப மட்டும். சின்ன பெட்ரோல் காருக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு, 25-ஐ ஒட்டி மூன்று, 40-ஐ ஒட்டி நான்கு, 55-க்கு மேல் ஐந்து என்று வைத்துக்கொண்டால் போதும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கியர் கம்பியை இறுக்கிப் பிடித்துத் தள்ளக்கூடாது. நியூட்ரலுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாக நடுவுக்குக் கொண்டுவரும், அதன் பிறகு நேராக மேலே தட்டினால் மூன்று. இறுக்கிப் பிடித்தால் முதல் கியருக்கோ ஐந்துக்கோ போய்ச் சிக்கும். கியர் விழுந்த பிறகு இடது காலை கிளட்ச் மேல் வைத்துக்கொண்டே வருவது இன்னொரு கெட்ட பழக்கம். கொஞ்சம் அழுத்தம் பட்டாலே, கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் வீணாகத் தேயும். "கிளட்ச மிதிச்சிக்கினே வராத" என்று முதல் வாரத்திலேயே அதட்டுகிற மாஸ்டருக்கு நன்றி சொல்லுங்கள்.

பிரேக்கில்தான் பெரிய தகராறு. "நிறுத்தணும்னா கிளட்ச், பிரேக் ரெண்டையும் சேர்த்து மிதி" என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்கூல் வண்டி ஆஃப் ஆகாமல் காப்பாற்ற இது எளிய வழி. இருபது கிலோமீட்டர் வேகத்தில் பாதகமில்லை. அறுபதில் போகும்போது முதலில் கிளட்சை மிதித்தால் இன்ஜினின் பிடி அறுந்து, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். முதலில் பிரேக், வேகம் நன்றாகக் குறைந்து வண்டி திணறப்போகும் நேரத்தில் கிளட்ச் என்பதே சரியான வரிசை. சர்வீஸ் ரோட்டில் இதை ஐந்தாறு தடவை தனியாகச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மேட்டில் நிறுத்திக் கிளம்புவதை இந்தக் கோர்ஸில் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்களோ என்று தோன்றும். காட்பாடி மேம்பாலத்தில் பஸ் பின்னால் முட்டிக்கொண்டு நிற்க, முன் வண்டி நகரும்போது உங்கள் வண்டி ஓரடி பின்னால் உருண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. செங்குத்தான மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவது டெஸ்ட்டில் பார்க்க வேண்டிய திறமைகளில் ஒன்று என்று 15-ஆவது விதி சொல்கிறது. நடப்பில் டெஸ்ட் சமதளத்தில் முடிந்துவிடுவதால் யாரும் கவலைப்படுவதில்லை.

செய்முறை இவ்வளவுதான். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு முதல் கியர். கிளட்சை ஹாஃப் வரை விட்டு, கூடவே 1500 ஆர்பிஎம் வரும் அளவுக்கு ஆக்ஸிலேட்டர். பானெட் நிமிர்ந்து வண்டியின் பின்புறம் லேசாக அமுங்கும்போது, கிளட்ச் காலை அசைக்காமல் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். வண்டி முன்னால் நகரும், பின்னால் போகாது. நகராமல் இழுத்துப் பிடித்தால் ஹேண்ட்பிரேக் முழுக்க இறங்கவில்லை. பின்னால் வழுக்கினால் ஹாஃப் கிளட்ச் வருவதற்கு முன்பே விட்டிருக்கிறீர்கள். இதில் ஒரு வேடிக்கை, பல பயிற்சி வண்டிகளில் ஹேண்ட்பிரேக் கேபிள் தளர்ந்துபோய் உச்சி வரை இழுத்தாலும் மேட்டில் நிற்காது. சேரும் முன் வண்டியைப் பார்க்கப் போகும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எத்தனை 'கிளிக்' வருகிறது என்று எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால் அந்த வண்டியில் மேட்டுப் பாடம் நடக்காது.

மேடு பழக மேம்பாலத்துக்கே நேராகப் போக வேண்டாம். நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் சுரங்கவழிகளிலிருந்து வெளியேறும் சின்னச் சரிவுகள் போதும், அதுவும் காலை ஆறு மணிக்கு. சமதளப் பயிற்சிக்குக் காந்தி நகர், சத்துவாச்சாரி ஃபேஸ் தெருக்கள் ஏற்றவை. கட்டம் கட்டமாகத் தெருக்கள் இருப்பதால் நான்கு திருப்பமும் திரும்பத் திரும்பக் கிடைக்கும். சி.எம்.சி. மருத்துவமனை முன்னால் இருக்கும் ஐடா ஸ்கடர் ரோட்டைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ், ஆட்டோ, பாதையைக் கவனிக்காமல் குறுக்கே நடக்கும் வெளியூர் நோயாளிகள் என்று அங்கே முழுக்க முழுக்க ஹாஃப் கிளட்ச் வேலைதான். அதைப் பதற்றமில்லாமல் கடந்தால் வேலூருக்குள் எங்கேயும் ஓட்டலாம். கிரீன் சர்க்கிள் சந்திப்பில் எந்த லேனில் நுழைந்து எதில் வெளியேறுவது என்பதை வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஒருமுறை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓடும் வண்டியில் கேட்டால் மண்டையில் ஏறாது.

ஏலகிரிக்கு அழைத்துப்போகிறோம் என்று கூடுதல் பணத்துக்கு ஒரு நாள் வகுப்பு விற்பவர்களும் உண்டு. 14 கொண்டை ஊசி வளைவுகள். கிளட்ச் வசப்பட்டவருக்கு அது நல்ல செலவு, மற்றவர்களுக்கு மாஸ்டர் ஓட்டும் உல்லாசப் பயணம். போனால் ஏறுவதை விட இறங்குவதைக் கவனியுங்கள். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இன்ஜினையும் அணைத்துவிட்டால் நாலைந்து மிதிக்குள் பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஏனென்றால் அதற்கு உதவும் வெற்றிடத்தைத் தருவதே இன்ஜின்தான். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

ரிவர்ஸுக்கு ஒரு முழு வகுப்பு தனியாகக் கேளுங்கள். கோர்ஸில் அது டெஸ்ட்டுக்கு முந்தைய நாள் பத்து நிமிடமாக வரும். ரிவர்ஸ் போடும் முன் வண்டி முழுக்க நிற்க வேண்டும். கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தி அரைபடாமல் விழவைக்கும் சிங்க்ரோமெஷ் முன் கியர்களுக்கு உண்டு, பல கார்களில் ரிவர்ஸுக்கு இல்லை, அதனால்தான் 'கர்ர்' என்று அரைபடுகிறது. அப்படி வந்தால் கிளட்சை விடாமல் இரண்டு விநாடி பொறுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் நியூட்ரலில் ஒருமுறை விட்டு மிதித்துவிட்டுப் போட வேண்டும். பின்னால் போக ஆக்ஸிலேட்டர் தேவையே இல்லை, ஹாஃப் கிளட்ச் போதும்.

பணம் விஷயம். ஸ்கூலுக்கு ஸ்கூல் தொகை மாறும், 'எல்லாம் சேர்த்து' என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள். பயிற்சிக்கு எவ்வளவு, அரசுக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். 2016 இறுதியில் திருத்தப்பட்ட மத்திய விதிகளில் ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆர். 150, அதற்கான தேர்வு 50, ஓட்டுநர் தேர்வு 300, லைசென்ஸ் 200, ஆக மொத்தம் 700 ரூபாய். சேவைக் கட்டணம் தனி. அதற்கு மேல் சொல்வதெல்லாம் ஸ்கூலின் உழைப்புக்கான கூலி. நியாயமான கூலிதான், ஆனால் எதற்கு என்று தெரிந்து கொடுங்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், கையில் வந்து 30 நாள் ஆன பிறகே டெஸ்ட்டுக்குப் போகலாம். ஆகவே வகுப்பு தொடங்கும் முன் சாரதி இணையதளத்தில் எல்.எல்.ஆர். போட்டுவிட்டால் கோர்ஸ் முடியும்போது டெஸ்ட் தேதி அருகில் இருக்கும். கோர்ஸ் முடிந்து ஒரு மாதம் கழித்து டெஸ்ட் என்றால் கால் எல்லாவற்றையும் மறந்திருக்கும்.

லைசென்ஸ் ஆட்டோமேட்டிக் காருக்கும் கியர் காருக்கும் ஒன்றுதான். வீட்டில் இருப்பது கிளட்ச் பெடலே இல்லாத ஏஎம்டி என்றால் கிளட்சோடு இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை, சாதாரணக் கோர்ஸே அதிகம். கியர் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கோர்ஸ் முடிந்ததும் அதே மாஸ்டரைத் தங்கள் காரில் நாலைந்து மணி நேரம் உட்காரச் சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது. பல மாஸ்டர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதற்கு வருவார்கள். லைசென்ஸ் வருவதற்கு முன் என்றால் எல்.எல்.ஆர். கையில் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' போர்டு இருக்க வேண்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும்.

ஸ்கூல் வண்டியின் தேய்ந்த கிளட்ச் பெரும்பாலும் பெடல் மேலே வந்த பிறகே பிடிக்கும், புது வண்டியில் கீழேயே பிடித்துவிடும். வீட்டுக் காரில் முதல் நாள் பத்துத் தடவை ஆஃப் ஆவது இதனால்தான், ஓட்டத் தெரியாததால் இல்லை. ரிவர்ஸ் இருக்கும் இடமும் மாறும். மாருதியின் பல கார்களில் வலப்பக்கம் ஐந்துக்குக் கீழே, ஹ்யூண்டாயின் பல கார்களில் வளையத்தைத் தூக்கி இடப்பக்கம் மேலே. புது மாடல்களில் மேட்டில் வண்டியைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கும். அது பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு ஓரிரு விநாடிதான் பிடிக்கும், அதற்குள் கிளட்ச் ஹாஃபுக்கு வந்துவிட வேண்டும். முதல் மணி நேரத்தைத் தெருவில் சுற்றாமல், வீட்டு வாசலில் ஆக்ஸிலேட்டர் தொடாமல் நகர்த்தும் அந்தப் பயிற்சியிலேயே செலவிடுங்கள்.